லேசான பெடல்

என் மாமனாருக்குப் பேரம் பேசாமல் எதையும் வாங்கத் தெரியாது. இதய ஆபரேஷன் முடிந்து எழுந்து உட்கார்ந்ததுமே டாக்டரிடம், "ஆறு மாசம் ஆகும்னீங்க. நமக்குள்ள என்ன, நாலு மாசமாப் போட்டுக் குடுங்க" என்றவர் அவர். ஜவுளி மொத்த வியாபாரத்தில் பழகிய நாக்கு. டாக்டர் சிரித்துவிட்டு, "தினமும் காலையில சைக்கிள் மிதிங்க. ரோட்டுல இல்ல, ரூமுக்குள்ள நிக்கிற சைக்கிள். படி மட்டும் ஏறவே கூடாது" என்றார்.

படி கூடாது என்பதால்தான் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மூத்த மாப்பிள்ளை. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறையும் வீடும் தரைத் தளத்தில் ஒட்டியே இருக்கின்றன. இளைய மாப்பிள்ளை, அதாவது என் சகலை, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி. ஐயா, இதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். மாமனார் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. படிக்கட்டு தேர்ந்தெடுத்தது.

சைக்கிளை வாங்கி அனுப்பியது சகலை. சோபா, கட்டில் விற்கும் கடையில் மேனேஜர். வாய் நிறையச் சிரிப்பு. உட்கார வந்தவனுக்குக் கட்டிலையும் சேர்த்துத் தலையில் கட்டி அனுப்புவார். வீட்டில் அவருக்குச் சின்னவர் என்று பெயர். கல்யாணமான புதிதிலேயே, "என்ன மாமா வாங்க போங்கன்னுட்டு? வாடா போடான்னு கூப்பிடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. வருஷக்கணக்காக எனக்குக் கிடைத்தது, "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க, ஃபேன் போடச் சொல்லட்டுமா?" அவருக்குக் கிடைத்தது, "வாடா, எங்கடா போய்த் தொலைஞ்சே?" வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைப்பதற்கும் மரியாதை என்றுதான் பெயர்.

அந்தச் சைக்கிளில் கைப்பிடிக்குக் கீழே ஒரு திருகு உண்டு. திருகினால் உள்ளே கம்பி இழுபட்டு, காந்தங்கள் முன்சக்கரத்தை நெருங்கும். நெருங்க நெருங்க மிதிப்பது கனக்கும். வந்த மூன்றாம் நாளே மாமனார் அதை முழுக்கத் திருகிவிட்டு, முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். "சீக்கிரமா முடிச்சிடலாம்னு பாத்தேன் மாப்பிள்ளை" என்றார்.

திருகைக் கழற்றினேன். கம்பியின் நுனியைச் சின்ன கியர் மோட்டார் ஒன்றில் கட்டினேன். காது மடலில் மாட்டும் கிளிப் நாடித்துடிப்பை எண்ணும். துடிப்பு ஏறினால் மோட்டார் காந்தத்தைத் தள்ளி வைக்கும். அடங்கியே இருந்தால் கொஞ்சம் நெருக்கும். எத்தனையாவது நிலை என்று ஒரு குட்டித் திரை காட்டும். டாக்டருக்கே பிடித்துவிட்டது. "எட்டாவது நிலையை மூச்சு வாங்காம மிதிச்சார்னா படி ஏறலாம். அதுவரைக்கும் வேண்டாம்" என்றார். இப்போதும் வண்டியைப் பிரித்துப் பாருங்கள், ஒரு பற்றவைப்பில்கூடப் பிசிறு இருக்காது.

ஆனால் அது நேர்மையான யந்திரம். நேர்மையானவர்களுக்கு நேர்வது அதற்கும் நேர்ந்தது. இரண்டிலும் மூன்றிலுமே எண் நொண்டியது; மாமனார் அலுத்துக்கொண்டார். "சின்னவன் வாங்கிக் குடுத்தப்போ வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க மோட்டார் போட்டதுக்கப்புறந்தான் முரண்டு பண்ணுது." பார்க்க வருகிறவர்களிடம், "சின்னவன் குடுத்த சைக்கிள்" என்று தட்டிக்காட்டுவார். மோட்டாரை யாராவது கேட்டால், "அதுவா, அதுல ஏதோ ஒயர் ஓடுது."

"விடுங்க" என்றாள் என் மனைவி. "நீங்க தங்கத்துல பெடல் செஞ்சு வச்சாலும் அது என் தங்கச்சி வீட்டுக்காரர் வண்டிதான்." உண்மையைச் சொல்வதில் அவள் கருமி இல்லை.

அப்போதுதான் திரையில் வரும் எண்ணையும் காந்தத்தையும் பிரித்து வைத்தேன். எண் பாட்டுக்கு மேலே போகும். காந்தம் பாட்டுக்கு விலகும். தராசுத் தட்டில் கட்டைவிரல் வைக்கிற வேலைதான், ஆனால் வாங்குகிறவருக்கு மனம் குளிர. கவனியுங்கள் ஐயா, நான் ஒரு தடவைகூட இறுக்கத்தைக் கூட்டவில்லை. குறைத்தேன். ஒரு நோயாளியிடம் இதைவிட மென்மையாக யாரும் நடந்துகொண்டிருக்க முடியாது.

கால் கனத்தால் மனிதன் யந்திரத்தைச் சந்தேகிப்பான். லேசானால் தன்னைத்தான் மெச்சிக்கொள்வான். மாமனார் மெச்சிக்கொண்டார், எனக்கும் கொஞ்சம் சிந்தியது. "மாப்பிள்ளை கைராசி" என்றார். "மாப்பிள்ளை போட்ட மோட்டார்" என்றார். அதை அவர் சகலையிடமே சொல்லி, சகலையும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த நாள், என் வாழ்நாளில் நல்ல நாள்.

ஏழில் நிறுத்தினேன். எட்டு வந்தால் படி ஏறுவார் என்பது தெரியாத பச்சைக் குழந்தை இல்லை நான். ஏழு அடக்கமான எண், வீட்டோடு இருக்கும். அவர் தினமும் திரையைத் தட்டி, "இன்னும் ஒண்ணுதானேடா, வாடா" என்று அதைக் கொஞ்சுவார். ஆமாம், திரையைக்கூட வாடா என்பார்.

பட்டறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரு ஜன்னல். ஒரு பிற்பகலில் அவர் சின்னவரிடம் போனில் பேசியது காதில் விழுந்தது.

"எட்டு வரட்டும்டா, அன்னிக்கே உன் வீட்டுக்கு வந்துடறேன். சேச்சே, இங்க ஒரு குறையும் இல்ல. நல்லாப் பாத்துக்கறாங்க. ஆனா ஆஸ்பத்திரியிலயும் நல்லாத்தான்டா பாத்துக்கிட்டாங்க."

கையிலிருந்த காயிலைக் கட்டி முடித்தேன். ஒரு சுற்றுகூடத் தப்பவில்லை. மறுநாள் காலை அவருக்கு எட்டைக் கொடுத்தேன்.

அன்று காந்தத்தை முழுக்க விலக்கி வைத்திருந்தேன். பூனை ஏறி மிதித்தாலும் சுழலும். மாமனார் மிதித்து முடித்து, இறங்கி, என்னைக் கட்டிக்கொண்டார். "எட்டுடா. டேய், நீ பெரிய ஆளுடா" என்றார். அவர் சட்டை காய்ந்தே இருந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயெடுத்தேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குள் அவர், "காரை எடு, சின்னவன் வீட்டுக்குப் போலாம். சொல்லாமப் போய் நிப்போம்" என்றார்.

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்கப்பா" என்றாள் மனைவி.

"நான் பேசிட்டேன்" என்றேன். பேசவில்லை.

சகலை வீட்டுக் கட்டடத்தின் முன்னால் இறங்கி, சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "நீங்க கார்லயே இருங்க மாப்பிள்ளை. நான் மட்டும் போய் அவனைத் திடுக்கிட வைக்கிறேன்." அந்த 'டா' எங்கள் வீட்டிலிருந்து அந்தத் தெருவரைதான் வந்தது. அதற்குமேல் வரவில்லை.

"நடுவுல எங்கயும் நிக்காம ஏறுங்க மாமா" என்றேன். "நின்னாத்தான் கால் பிடிச்சுக்கும்."

தலையாட்டிவிட்டுப் போனார். என் பேச்சை அவர் தட்டாமல் கேட்டது அது ஒன்றுதான். நான் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே யாரோ அலறும் வரை துடைத்தேன். மூன்றாவது மாடித் திருப்பத்தில் விழுந்திருந்தார்.

பழைய இதயம், என்ன செய்வது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்துவிட்டார்கள். யாரும் சைக்கிளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வீட்டிலேயே இருந்திருந்தால் நீங்கள் என்னைத் தேடி வந்திருக்க மாட்டீர்கள். நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று போட்டுக்கொள்ளுங்கள், அதுதான் உண்மை.

சின்னவர் இன்னும் அழுதுகொண்டிருக்கிறார். "லிஃப்ட் இல்லாத வீட்ல நான் ஏன் குடியிருந்தேன்? என்னைப் பாக்கத்தானே வந்தாரு? மாமாவை நான்தான் கொன்னுட்டேன்." வந்தவர்கள் எல்லோரும் அவர் தோளைப் பிடித்துக்கொள்கிறார்கள். என் மனைவி அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறாள். "என்ன பாசம் பாருங்க, கடைசி மூச்சுலயும் அவனைத்தான் தேடிப் போயிருக்கார்" என்கிறார்கள். என்னிடம் வந்து, "நீங்க ஒரு குறையும் வைக்கல" என்று கும்பிட்டுவிட்டு நகர்கிறார்கள்.

சைக்கிள் சின்னவர் வாங்கியது. பாசம் அவருக்குப் போனது. துக்கத்தையும் அவரே மொத்தமாக எடுத்துக்கொண்டார். இருக்கட்டும். ஆனால் மாமாவைக் கொன்றது அவர் இல்லை ஐயா. அந்த அளவுக்கு அவருக்குக் கை வேலை தெரியாது. அது நான் செய்தது, முழுக்க நானே செய்தது. அதையாவது அவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.