பழைய ஓட்டை, புதுத் தூள்

பெரிய மேடம்: கதவைச் சாத்திட்டு வா.

சின்ன மேடம்: சாத்திட்டேன்க்கா. எதுக்கு இப்படி அவசரமாக் கிடங்குக்குக் கூப்பிட்டீங்க? மேல காட்சிக்கூடத்துல விளக்கு சரி பண்ணிட்டிருந்தேன்...

பெரிய மேடம்: விளக்கு இருக்கட்டும். இந்த டார்ச்சைப் பிடி. படத்தோட சட்டத்துல, கீழே, இடப்பக்க மூலை. என்ன தெரியுது?

சின்ன மேடம்: தூசி.

பெரிய மேடம்: தூசியா?

சின்ன மேடம்: ...மரத்தூள் மாதிரி இருக்கு.

பெரிய மேடம்: மாதிரி என்ன மாதிரி? இந்த மியூசியத்துல எந்தப் படம் எங்க தொங்கணும்னு முடிவு பண்றவ நீ. காப்பிப்பொடியா மரத்தூளான்னு தெரியாதா உனக்கு?

சின்ன மேடம்: சரி, மரத்தூள்தான். பூச்சி அரிச்சிருக்கு.

பெரிய மேடம்: மருந்து வெச்சப்புறம் இத்தனை வருஷமா அரிக்கல. படத்தை விக்கறோம், இன்னிக்கு லாரி வருதுன்னதும் அரிச்சிருச்சு. ரொம்ப விவரமான பூச்சி.

சின்ன மேடம்: என்ன சொல்ல வர்றீங்க?

பெரிய மேடம்: சொல்லல, கேக்கறேன். நேத்து சாயங்காலம் நீ இங்க தனியா வந்தியாமே?

சின்ன மேடம்: காவலாளி சொன்னாரா?

பெரிய மேடம்: யார் சொன்னா என்ன? வந்தியா இல்லையா?

சின்ன மேடம்: வந்தேன். படத்துல இஸ்திரி போடற அம்மாவைக் கடைசியா ஒரு தடவை பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன். கூடாதா? என் முதல் காட்சியில வாசலுக்கு நேரா மாட்டினது இந்தப் படத்தைத்தான். முதுகைக் காட்டிட்டு இஸ்திரி போடறவளை யாராவது வாசல்ல மாட்டுவாங்களான்னு எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க ஒருத்தர்தான் சிரிக்கல.

பெரிய மேடம்: பேச்சை மாத்தாத.

சின்ன மேடம்: நான் எங்க மாத்தறேன்? நீங்கதான் மாறிட்டீங்க. சேகரிப்பு முழுக்க உங்க பொறுப்பு. நீங்க தலையாட்டாம ஒரு ஆணி கூட இந்தக் கட்டடத்தை விட்டு வெளிய போகாது. தினம் காலைல வந்து இவ முன்னாடி நிப்பீங்களே, எனக்குத் தெரியாதா? அப்புறம் எப்படிக்கா விக்கலாம்னு சொன்னீங்க?

பெரிய மேடம்: சொல்லலைன்னா இயக்குநர் என்னை வீட்டுக்கு அனுப்பிட்டு, சொல்ற ஆளை என் நாற்காலியில உக்கார வெச்சிருப்பார்.

சின்ன மேடம்: அந்த ஆள் நான்தான்னு நினைச்சீங்களா?

பெரிய மேடம்: ...நினைச்சேன்.

சின்ன மேடம்: அக்கா!

பெரிய மேடம்: இயக்குநர் உன்னைத் தனியாக் கூப்பிட்டுப் பேசினார். வெளிய வந்தவ என் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கல. நான் என்னன்னு நினைக்கறது?

சின்ன மேடம்: பார்த்தா அழுதுடுவேன்னுதான் பார்க்கல. உங்க நாற்காலியை எனக்குத் தர்றேன்னார். வேணாம்னுட்டேன்.

பெரிய மேடம்: அதை என்கிட்ட ஏன் சொல்லல?

சின்ன மேடம்: நீங்க மட்டும் எல்லாத்தையும் சொல்றீங்களா? முந்தாநாள் மதியம் நீங்களும்தான் இங்க தனியா இருந்தீங்க. அதுவும் கைப்பையோட. கிடங்குக்குள்ள யாரும் பை கொண்டு வரக்கூடாதுன்னு பலகை மாட்டினதே நீங்கதான்.

பெரிய மேடம்: அது... சாப்பாட்டுப் பை.

சின்ன மேடம்: கிடங்குல சாப்பாடா? அது அதைவிடப் பெரிய குத்தமாச்சே.

பெரிய மேடம்: வாயாடாத. இந்தத் தூள் எப்படி வந்துச்சு? அதுக்கு முதல்ல...

இயக்குநர்: அடடா, ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா? லாரி வாசல்ல வந்து நிக்குது. என்ன குசுகுசுன்னு?

சின்ன மேடம்: ஒண்ணும் இல்ல சார்.

இயக்குநர்: ஒண்ணும் இல்லாததுக்கா கதவைச் சாத்தினீங்க?

பெரிய மேடம்: படம் இன்னிக்குப் போகாது சார். சட்டத்துல பூச்சி.

இயக்குநர்: பூச்சியா? போன வாரம் வரைக்கும் இல்லாத பூச்சி இன்னிக்கு எங்கேருந்தும்மா வந்துச்சு?

பெரிய மேடம்: பூச்சி நம்மகிட்ட சொல்லிட்டா வரும்?

இயக்குநர்: எனக்கு என்னமோ உங்க ரெண்டு பேர் மேலயும்தான் சந்தேகமா இருக்கு. இந்த ஓட்டையெல்லாம் பழசு, எப்பவோ மருந்து வெச்சாச்சுன்னு நீங்களே சொன்னீங்க.

பெரிய மேடம்: ஓட்டை பழசு சார். தூள் புதுசு. உள்ள ஏதோ உயிரோட இருக்கு.

இயக்குநர்: அப்போ சட்டத்தைக் கழட்டிப் போட்டுட்டுப் படத்தை மட்டும் குடுங்க.

பெரிய மேடம்: படத்துத் துணியை இழுத்து அடிச்சிருக்கறதும் மரக்கட்டையிலதான். அதுலயும் ஏறியிருந்தா? வாங்கறவர் வீட்டுல இருக்கற மத்த படமெல்லாம் என்ன ஆகும்? தனி அறையில வெச்சு, முழுசா ஒழிஞ்சாச்சுன்னு தெரிஞ்ச பிறகுதான் வெளிய விடணும். மாசக்கணக்குல ஆகும்.

இயக்குநர்: மாசக்கணக்கா! அடுத்த மாசம் நிர்வாகக் குழு மாறுது. புதுசா வர்றவங்க எதையும் விக்க விடமாட்டாங்க. உங்களுக்குத் தெரியும்ல?

பெரிய மேடம்: தெரியும் சார். பூச்சிக்குத் தெரியாதே.

இயக்குநர்: டார்ச்சைக் குடுங்க இப்படி. இந்த மூலையில துளியூண்டு... இதெல்லாம் ஊதினாப் போயிடும். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டு... இரு, இரு. இந்தப் பக்கமும் கொட்டிருக்கே!

சின்ன மேடம்: எந்தப் பக்கம்?

இயக்குநர்: வலப்பக்கம். மாவு மாதிரி. எவ்வளவு பாருங்க!

சின்ன மேடம்: வலப்பக்கமா? இருக்காது சார்... நல்லாப் பாருங்க...

இயக்குநர்: என்னம்மா, கண்ணு தெரியாதவனா நான்? ஐயோ, கையெல்லாம் ஒட்டிக்கிச்சு. இது சட்டையில ஏறி வீடு வரைக்கும் வருமா? இப்பதான் வீட்டுல மரத்தளம் போட்டிருக்கேன்.

பெரிய மேடம்: கையை நல்லா உதறிட்டுப் போங்க சார். வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி சட்டையை மாத்திடுங்க.

இயக்குநர்: இதைத் தனி அறைக்குக் கொண்டு போங்க முதல்ல. லாரியை நான் அனுப்பிடறேன். சே!

பெரிய மேடம்: ...போயிட்டார். ஏன் இப்படி வெளிறிப் போய் நிக்கறே? உக்காரு.

சின்ன மேடம்: நிஜமாவே பூச்சி இருக்காக்கா?

பெரிய மேடம்: நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல. இடப்பக்கத்துத் தூள்?

சின்ன மேடம்: நான்தான். நான்தான் போட்டேன். தனி அறையில அரிச்சுப் போன பெட்டி ஒண்ணு இருக்கில்ல, அதுக்கடியில இருந்து வழிச்செடுத்தேன்.

பெரிய மேடம்: அடிப்பாவி. அப்படியேவா கொண்டு வந்தே?

சின்ன மேடம்: இல்லக்கா, குளிர்பெட்டியில நல்லா உறைய வெச்சுட்டுத்தான். ஆனா அதுல ஒரு முட்டை தப்பிச்சிருந்தா? நான் தூவினது இடப்பக்கம் மட்டும்தான். இத்தனூண்டு. வலப்பக்கம் நான் கையே வைக்கல. அங்க எப்படி அவ்வளவு தூள் வரும்? ஏறிடுச்சுக்கா. காப்பாத்தறேன்னு வந்து நானே இவளை அரிக்க விட்டுட்டேன்... என்னை வேலைய விட்டு அனுப்பிடுங்க. ஆனா முதல்ல இவளுக்கு ஏதாவது பண்ணுங்க...

பெரிய மேடம்: கண்ணைத் துடை.

சின்ன மேடம்: எப்படிக்கா இவ்வளவு நிதானமா இருக்கீங்க? பூச்சி வலப்பக்கமே போயிடுச்சுன்னு சொல்றேன்...

பெரிய மேடம்: வலப்பக்கத்துல இருக்கறது எங்க வீட்டு அலமாரித் தூள்டீ. ஒரு முட்டை கூட மிஞ்சக் கூடாதுன்னு வாணலியில வறுத்து, ஆற வெச்சு, சாப்பாட்டு டப்பாவுலதான் கொண்டு வந்தேன்.