கண்ணை மூடி, வாயை மூடி

தம்பிஐயா: ...இல்லை, இல்லை, கண்ணைத் திறக்கக்குடாது. மூடும்.

நாகபூசணி: மூடித்தான் இருக்கிறன்.

தம்பிஐயா: பிறகெப்பிடி நான் நுளம்பு அடிச்சது தெரிஞ்சது?

நாகபூசணி: அந்த அடி நயினாதீவுக்கே கேட்டிருக்கும்.

தம்பிஐயா: சரி, கதைக்கக்குடாது. மூச்சு உள்ளுக்குப் போகுது... வெளியிலை வருது... அதை மட்டும் பாக்கோணும்.

நாகபூசணி: அது இவ்வளவு காலமும் நான் பாக்காமலே போய் வந்தது.

தம்பிஐயா: அதுதான் பிழையாம். மகள் சயந்தினி கனடாவிலையிருந்து சொல்லி அனுப்பினவள். விடிய எழும்பி, போனைத் தொடாமல், முற்றத்திலை கதிரை போட்டு, தாயும் தேப்பனும் பக்கத்திலை பக்கத்திலை இருந்து...

நாகபூசணி: பக்கத்திலை எண்டும் சொன்னவளோ?

தம்பிஐயா: ம்... ஓம். அதுதான் முக்கியமாம். பிறசர் குறையுமாம்.

நாகபூசணி: இவ்வளவு கிட்டவோ? கதிரை முட்டுது.

தம்பிஐயா: நிலம் சரிவு.

நாகபூசணி: ஐயோ, பால் பொங்கப் போகுது!

தம்பிஐயா: நினைப்பு வந்தா வரட்டும், போனாப் போகட்டும் எண்டு விடோணும்.

நாகபூசணி: நினைப்பில்லையப்பா, பால்! அடுப்பிலை வச்சிட்டு வந்தனான்.

தம்பிஐயா: நான் அடுப்பை நூத்துப்போட்டுத்தான் வந்தனான். இரும்.

நாகபூசணி: ஆர், நீங்களோ? கம்பளையிலை கடை வச்சிருக்கேக்கை விடிய எழும்பிக் கடைப் பூட்டைத் திறந்ததும் நான்தான். இப்ப கோழிக்கு முதல் எழும்பி, குசினிக்குள்ளையும் போறியள்...

மேரிசுகந்தி: நாகபூசணி அக்கா! இஞ்சை, வேலியடியிலை, மேரிசுகந்தி. பூசைக்கு வெளிக்கிட்டனான். சத்தம் கேக்குது, விருந்தாளியள் வந்திட்டினமோ?

நாகபூசணி: ஒருத்தரும் வரேல்லை. இவரும் நானும்தான்.

மேரிசுகந்தி: மாதாவே! ரெண்டு பேரும்... நேரை நேரை கதைக்கிறியளோ?

தம்பிஐயா: கதைக்கேல்லை பிள்ளை. வாயை மூடிப் பயிற்சி செய்யிறம்.

மேரிசுகந்தி: அதைத்தானே அண்ணை சித்திரைக்குப் பிறகு செய்துகொண்டிருக்கிறியள்! "சோறு போட்டிருக்கெண்டு அந்தாளுக்குச் சொல்லு", "கறிக்கு உப்பில்லை எண்டு அந்த மனிசிக்குச் சொல்லு"... உங்கடை வீட்டுக்கு நடந்து நடந்து என்ரை செருப்புத் தேஞ்சு போச்சு.

நாகபூசணி: கோயில் மணி அடிச்சிட்டுது. போ பிள்ளை.

மேரிசுகந்தி: போறன், போறன். கொஞ்சம் சத்தமாக் கதையுங்கோ, படலையடி மட்டும் கேக்கட்டும்!

தம்பிஐயா: ...போட்டாளோ?

நாகபூசணி: கண்ணை மூடிக்கொண்டிருக்கிற எனக்கு என்னெண்டு தெரியும்?

தம்பிஐயா: இஞ்சேரும்...

நாகபூசணி: மூச்சைப் பாருங்கோ.

தம்பிஐயா: பாக்க ஏலாமல் கிடக்கு. சித்திரையிலை பிள்ளை கனடாவுக்குக் கூப்பிடேக்கை, "அம்மாவுக்கு முழங்கால் நோ, பிளேன் ஏற ஏலாது" எண்டு நான் சொல்லியிருக்கக்குடாது.

நாகபூசணி: என்ரை முழங்காலைப் பற்றி என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ? அவளுக்கு இது தலைப்பிள்ளை. பெறுகிற நேரம் தாய் பக்கத்திலை நிக்க வேண்டாமோ?

தம்பிஐயா: நிக்கத்தான் வேணும்.

நாகபூசணி: அந்த முழங்காலோடைதானே குறிகட்டுவானிலை படகேறி நயினாதீவுத் தேருக்குப் போய் வந்தனான்!

தம்பிஐயா: கண்டனான். நோ உம்மடை முழங்காலிலை இல்லை.

நாகபூசணி: பிறகு?

தம்பிஐயா: போனவை ஆர் திரும்பி வந்தவை? இந்த நாரந்தனையிலை எத்தினை வீடு பூட்டிக் கிடக்கு... நீரும் போனா, நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?

நாகபூசணி: இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமெல்லே...

தம்பிஐயா: அழுகிறீரோ?

நாகபூசணி: இல்லை. மூச்சை வெளியிலை விடுறன்.

தம்பிஐயா: கனடாவுக்குப் போட்டு வாரும். சயந்தினிக்கு நானே சொல்லுறன், அம்மா வருவா எண்டு. இந்தப் பயிற்சி அனுப்பினதுக்கும் ஒரு நன்றி சொல்லோணும்...

நாகபூசணி: அதைமட்டும் சொல்லாதேங்கோ.

தம்பிஐயா: ஏன்?

நாகபூசணி: நேற்று நீங்கள் சுவரைப் பாத்துக்கொண்டு இந்தப் பயிற்சிக் கதையைச் சொன்ன கையோடை, நான் அவளுக்குப் போன் எடுத்தனான். "நான் ஒண்டும் அனுப்பேல்லையே அம்மா" எண்டாள்.

தம்பிஐயா: அப்ப... தெரிஞ்சுகொண்டோ வந்து இருந்தனீர்?

நாகபூசணி: ஓம். ரெண்டு பேருக்கும் பிளேன் ரிக்கற் போடச் சொல்லிப்போட்டுத்தான் வந்து இருந்தனான். சண்டை பிடிக்க எனக்கும் ஆள் வேணுமெல்லே.