மூன்றாவது வரியில் இருந்த சைபர்

நடந்ததை நடந்தபடியே, எனக்குப் பாதகமானதையும் விடாமல், உண்மையாகப் பதிவு செய்கிறேன். என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது பதினான்கு. பள்ளி விட்டதும், சித்தி வேலை பார்க்கும் மருந்துக் குளிர்கிடங்கில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதுவது வழக்கம்.

கிடங்குக் கணினியின் அடிப்படை நிரலான கெர்னலைப் பராமரிப்பது சித்தியின் வேலை. கெர்னல் ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக ஆறு எண்களைக் காட்டும். கதவு நிரல் அதைப் படித்து, உள்ளே எத்தனை பேர் என்று அறியும். யாரும் இல்லையென்றால் கதவைப் பூட்டி, ஐந்து நிமிடம் கழித்து விளக்கையும் அணைக்கும். பூட்டியபின், கதவைத் திறக்கும் உட்புறப் பொத்தானும் இயங்காது. மூன்றாவது வரி, என்றோ கழற்றிய கருவிக்கானது, எப்போதும் சைபர். நாலாவதுதான் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை; ஐந்தாவது பழுதுகளின் எண்ணிக்கை, அன்று அதுவும் சைபர்.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் அந்த வரியை எடுக்கச் சொன்னார். "கதவு நிரல் நாலாவது வரின்னு எண்ணித்தான் படிக்குதுன்னு நினைக்கிறேன் சார். எடுத்தா அடுத்த வரியைப் படிச்சு அது தடுமாறும்" என்றார் சித்தி.

"இந்தச் சைபருக்கு இன்னும் எத்தனை வருஷம் காவல் இருப்பீங்க? தடுமாறுதுன்னா காட்டுங்க பாப்போம்."

அதன்பின் சித்தி வரியை எடுத்து, புதிய கெர்னலை ஏற்றினார். பிறகு என்னிடம், "வேற யாரையும் உள்ள அனுப்ப மாட்டேன், நானே போறேன். அஞ்சு நிமிஷத்துல வரலைன்னா கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணி, பழைய கெர்னலைத் தேர்ந்தெடு, கண்ணு" என்று சொல்லிவிட்டு 4.10க்கு உள்ளே சென்றார். கதவு மூடியது. திரையில் 'உள்ளே: 0' என்று வந்தது.

4.15க்கு நான் விசைப்பலகையில் கை வைத்தேன். "தொடாதே. கூலிங் நின்னு மருந்து கெட்டுப்போச்சுன்னா நீயா பதில் சொல்லுவே? உள்ள யாருமில்லைன்னு ஸ்க்ரீனே சொல்லுது. உன் சித்தி டீ குடிக்கப் போயிருப்பாங்க" என்றார் கதவருகே நின்றிருந்த மேனேஜர். நான் கையை எடுத்துவிட்டேன்.

4.27க்கு அவர் போன் பேச வெளியே போனதும், சித்தி சொன்னபடி செய்தேன். 4.31க்குக் கதவு திறந்தது. தரையில் அமர்ந்திருந்த சித்தியால் விரல்களை நீட்ட முடியவில்லை. "பழைய கெர்னல்தானே?" என்று மட்டும் கேட்டார்.

சித்தி தன்னிஷ்டத்துக்கு வரியை எடுத்தார் என்றும், உள்ளே யாரும் இல்லை என்றே தான் நம்பியதாகவும் மேனேஜர் எழுதிக் கொடுத்திருப்பதாகக் காவல் ஆய்வாளர் கூறினார். சித்தியின் மேல் வழக்கு வரலாம் என்றும் கூறினார்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. கையெழுத்திடும் முன் ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். கதவில் ஒரு சிறிய கண்ணாடி உண்டு. மேனேஜர் என்னிடம் 'தொடாதே' என்றபோது, அதில் சித்தியின் உள்ளங்கை பதிந்திருந்தது. மேனேஜர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் உள்ளே விளக்குகள் அணைந்தன.