பிரிக்காத கட்டு

— மதினி, வயித்தக் காட்டுங்க. நான் பாக்கணும்.

— ஏட்டி மாரி, ஆப்பரேசன் தியேட்டர்லருந்து வந்து ஒரு மணி நேரங்கூட ஆகல. அதுக்குள்ள என்னத்தப் பாக்கப் போற?

— எந்த எடத்துல வெட்டிருக்காகன்னு பாக்கணும். ஒங்களுக்கு ஆப்பரேசன மாத்திப் பண்ணிட்டாக.

— யாரு சொன்னா?

— யாரும் சொல்லல. கழுவ வந்த சாமானப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

— செத்த இரு, தல சுத்துது. வெளங்குற மாதிரி சொல்லு.

— நான் கீழ என்ன வேலை பாக்கேன்? ஆப்பரேசன் சாமானக் கழுவி, துணியில கட்டி, மெஷின்ல ஆவியில வச்சு மேல அனுப்புறேன். ஒவ்வொரு கட்டுலயும் டேப்ப ஒட்டி நாந்தான் எழுதுறேன். இன்னைக்கு ஒங்களுக்குன்னு அப்பெண்டிஸ் கட்டு. எங்க மதினிக்குன்னு ஒவ்வொரு கத்திரியையும் லென்சு வச்சுப் பாத்துக் கட்டுனேன். அது பிரிக்காம அப்படியே திரும்பி வந்துருக்கு. டேப்பு மேல எங் கையெழுத்து கிழியக்கூட இல்ல.

— வேற கட்ட எடுத்துருப்பாக.

— எடுத்துருக்காகள்ல. காலையில தியேட்டர் சிஸ்டர் குடும்பக்கட்டுப்பாடு கட்டு ஒண்ணும் சேத்துக் கேட்டாக. லிஸ்ட்டுல அப்படி ஆளே இல்லையேன்னு நெனச்சேன். நெனச்சேனே தவிர கேக்கல, அனுப்பிட்டேன். அதுதான் பிரிச்சு வந்துருக்கு. கர்ப்பக் கொழாயில வளையம் மாட்டுற கம்பி ரத்தத்தோட கெடக்கு. நோட்டுல அந்தக் கட்டு நம்பருக்கு நேரா ஒங்க பேரு. எங் கையால குடுத்த சாமான்ல ஒங்களுக்கு இப்படிப் பண்ணிட்டாக மதினி.

— அழாத. சிஸ்டர் பாக்கப் போறாக.

— பாக்கட்டும். அண்ணன் இளநி வாங்கத்தான போயிருக்கு? வரட்டும், கூட்டிக்கிட்டு டாக்டரம்மா ரூமுக்குப் போறேன். எம் வேலை போனாலும் போகட்டும்.

— போகாத. ஒண்ணும் மாறல.

— என்ன மாறல?

— ஆப்பரேசன் மாறல. நாந்தான் கேட்டேன்.

— என்ன சொல்றீங்க? பத்து நாளா வயித்து வலின்னு தரையில கெடந்து உருண்டீங்களே.

— நடிச்சேன். போர்டுல அப்பெண்டிஸ்னு எழுதச் சொன்னதும் நாந்தான். ஒங்கண்ணன் கண்ணுல படணும்லா.

— அண்ணனுக்கே தெரியாதா?

— தெரிஞ்சா விடுவாகளா? மூணாவது பிள்ளைக்கு எம்புட்டு ரத்தம் ஏத்துனாக, நீதான ஓடி ஓடி வாங்கியாந்த? இன்னொண்ணு உண்டானா உசுரு தங்காதுன்னு டாக்டரம்மா ஒங்கண்ணன்ட்டயே சொன்னாக. அவிய என்ன சொன்னாக தெரியுமா? ‘அடுத்தது பையன், அவன் ஒன்னைய ஒண்ணும் பண்ண மாட்டான்’னாக.

— அண்ணனா சொல்லுச்சு?

— சிரிச்சுக்கிட்டே சொன்னாக. ராஜபாளையத்துல எம்புட்டு ஆஸ்பத்திரி இருக்கு, இந்த டாக்டரம்மா இங்கதான ஆப்பரேசன் பண்ணுதாக. ஒனக்குத் தெரிஞ்சுருமோன்னு பயந்துக்கிட்டேதான் வந்தேன். அது கழுவுற எடத்துல வச்சுத் தெரியும்னு நெனைக்கல. மாரி, அந்தா வாராக. எம் மூணு பிள்ளைகள நெனச்சுக்கோ.

— இந்தா இளநி. என்ன, ரெண்டு பேரும் கண்ணக் கசக்கிக்கிட்டு?

— ஒண்ணுமில்லண்ணே. மயக்க மருந்து எறங்குறப்ப மதினிக்கு அழுகையா வருது. அதப் பாத்து எனக்கும் வந்துருச்சு.

— ஏம்மா மாரி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வெட்டி எடுத்த குடலு எங்க? மூணாம் பெட்டு ஆளுக்குப் பித்தப்பைக் கல்ல டப்பாவுல போட்டுக் கையிலயே குடுத்துருக்காக. எனக்கு ஒண்ணையுங் காட்டலையே.

— அதுவா.

— நீதான சாமானெல்லாம் கழுவுற, பாத்துருப்பேல்ல?

— பாத்தேண்ணே. சுண்டுவெரல் தண்டி இருந்துச்சு. வீங்கிப் போயி. டெஸ்ட்டுக்கு மதுரைக்கு அனுப்பிட்டாக.

— அப்பச் சரி. எத்தன மாசத்துல ஆளு தேறுவா? அம்மா இப்பவே பேரனுக்குப் பேரு பாத்துக்கிட்டிருக்கு.

— தேறிருவாக. நீ கீழ போயி மருந்த வாங்கிட்டு வாண்ணே, கடையில கூட்டம் சேந்துரும்.

— சரி, பாத்துக்கோ. வாரேன்.

— மாரி, போயிட்டாகளா?

— லிஃப்ட்டுல ஏறிருச்சு.

— ஒன்னையப் பொய் சொல்ல வச்சுட்டேன்.

— ஒரு கத்திரியில ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் மறுபடி மொதல்லருந்து கழுவுறவ நான். இப்பப் பாருங்க, நாக்கு கூசாம வருது. சுண்டுவெரல் தண்டியாம். எனக்கே என்னையப் பாத்தாப் பயமா இருக்கு.

— இந்த உபகாரத்த மறக்க மாட்டேன்.

— அப்படிச் சொல்லாதீங்க. நான் பெரிய தப்பு பண்ணிட்டேன் மதினி. இங்க வாரதுக்கு முன்னாடி அம்மாவுக்குப் போன் போட்டுட்டேன்.

— என்னன்னு சொன்ன?

— ஆப்பரேசன் மாறிப்போச்சு, இனிமே மதினிக்குப் பிள்ளையே உண்டாகாதுன்னுட்டேன். தெருவே கேக்க ஒப்பாரி வைக்கும்னு பாத்தேன். ‘யோகேசு கண்ணு முழிச்சுட்டாளா’ன்னு ஒங்களப் பத்தி மட்டும் கேட்டுச்சு, வச்சுருச்சு. அதிர்ச்சியில பேச்சு வரலபோல. இந்நேரம் புதுப்பட்டியில பஸ் ஏறிருக்கும். வந்து ஆஸ்பத்திரிய உண்டு இல்லன்னு ஆக்கும், எல்லாம் வெளிய வந்துரும்.

— வரட்டும்.

— என்ன இம்புட்டு லேசாச் சொல்றீங்க? போன மாசம் பேரன் வேணும்னு நேந்துக்கிட ஒங்களயுங் கூட்டிக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போயிட்டு வந்துச்சே, அதுட்ட என்னன்னு சொல்லுவீங்க?

— அன்னைக்கு நாங்க கோயிலுக்குப் போகல. டாக்டரம்மா வீடு அங்கதான இருக்கு, அங்க போனோம்.

— நீங்க போனீங்க சரி. அம்மா எங்க இருந்துச்சு?

— எனக்கு முன்னாடி உள்ள போனதே அத்தைதான். கீழ ஆபீஸ்ல நான் சம்மதம்னு கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்கும், போயிப் பாரு. சாட்சின்னு போட்ட எடத்துல ஒங்கம்மா கைநாட்டுதான் இருக்கு.