ஊர் முழுக்க இடியப்பம்

அலோ... ஓம், நான்தான்... கேக்குது, கேக்குது, சொல்லு மச்சாள்... அந்தத் திட்டத்து ஐயா என்னட்டயும் அதத்தான் கேட்டவர். "அம்மா, நீங்க என்ன தொழில் முனைவோர்?" எண்டு.  நான் ஏதோ நோய் வருத்தத்தின்ட பேராக்கும் எண்டு நினைச்சிட்டன்.

...நாளைக்கா? மாங்கேணிக்கும் வாறாங்களா! வரட்டும், வரட்டும். எங்கட பெரியகல்லாறு முன்னேறி முடிஞ்சிட்டு. இனி உங்கடதான்.

...இல்ல மச்சாள், சும்மா நிவாரணம் தாறது இனி இல்லயாம். சண்டை முடிஞ்சிட்டாம், நாடு மாறிட்டாம். நிவாரணம் ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம் எண்டு கிடந்ததாம். இப்ப ரெண்டையும் ஒண்டாக் கட்டிப் போட்டாங்களாம். தொழில் செய்யாட்டி அரிசி தாற நிவாரணக் காட் இல்ல... ஓம், ஓம்... பொறு, முழுக்கக் கேளு. தொழில் செஞ்சு முன்னேறினாலும் காட் இல்ல!

...ஏன் சிரிக்கிறாய்? நான் அழாத குறை.

...அது சுனாமி வந்த நேரம். ஓம், அப்ப எல்லாருக்கும் தோணி குடுத்தாங்க. தையல் கடைக்காரனுக்கும் தோணி, தலைமயிர் வெட்டுறவருக்கும் தோணி. வாவியில இருந்த மீனவிடத் தோணிதான் கூட. இப்ப இடியப்பம்.

...ஏன் இடியப்பமெண்டா... அது எங்கட குற்றம்தான் கா. கூட்டம் வச்சவங்க. ஆருக்கு என்ன தொழில் விருப்பமெண்டு சொல்லட்டாம். நம்மட ஆக்கள் கூட்டத்தில வாய் திறந்த சரித்திரம் இரிக்கா? எல்லாரும் நிலத்தப் பாத்துக்கொண்டிருந்தம். மறுகா மூலை வீட்டுக் கஜானி மெதுவா, "இடியப்பம்" எண்டா. அவ்வளவுதான்! அவளுக்குக் கிடைச்சு நமக்கு இல்லாமப் போயிருமெண்டு ஒழுங்கை முழுக்கக் கை உயந்திட்டு... ஓம், நானும்தான். வீட்டுக்கு வீடு ஒரு இடியப்ப உரல், ஒரு அவிக்கிற பானை குடுத்திட்டாங்க.

...ஆர் வாங்கிறதா? நீ கேட்டாய், அவங்க கேக்கல்ல. விடியக்காலை வெள்ளாப்பில எல்லா வீட்டிலயும் புகை. அவிச்சு வச்சிட்டு வாசல் கடப்படியில நிண்டு றோட்டப் பாக்கிறம். வாங்க ஒரு ஆளில்ல, எல்லாரும் முதலாளி! கடைசியில கஜானிட இடியப்பத்த நான் வாங்கினன், என்டத அவ வாங்கினா.

...அதத்தான் சொல்ல வாறன். அந்த நேரம் பாத்துத் திட்டத்து ஐயா மோட்டச்சைக்கிள்ள வந்திட்டார். பெட்டியும் கையுமாப் பொம்பிளைகள் குறுக்கும் மறுக்கும் ஓடுறம். மனுசனுக்குக் கண் கலங்கிட்டு. "உள்ளூர்ச் சந்தை உருவாகிட்டு" எண்டு படமும் எடுத்தவர். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நடுவில நிக்கிறன்.

...ஆ, அங்கதான் வில்லங்கம். முன்னேறின வீட்டுக்கு நிவாரணக் காட்ட நிப்பாட்டப் போறாராம். இண்டைக்கு வந்து பாத்துத்தான் எங்கட வீட்டு முடிவு. உன்ட அண்ணனால உழைக்க ஏலுமா, சொல்லு? சண்டை முடிஞ்சிட்டெண்டு றேடியோவில சொன்னது, வயல் வட்டைக்குள்ள கிடந்த மிதிவெடிக்குக் கேக்கல்லயே. வேளாண்மை வெட்டப் போன மனுசன் ஒரு காலோடதானே வந்தார். அந்த நிவாரணக் காட்டுக்குத் தாற அரிசிதான் எங்கட சோறு. இடியப்ப மாவும் அதிலதான்... ஓம்! அவங்கட அரிசிய இடிச்சு அவங்களுக்கே முன்னேறிக் காட்டுறம்!

...நீயா? நீ பாதி முன்னேறினவள் மாதிரி நில்லு. அடுப்ப மூட்டு, பானையக் கொதிக்க விடாத...

...பொறு, பொறு. மோட்டச்சைக்கிள் சத்தம்... அவர்தான். வைக்காத, அப்படியே இரி.

வாங்க ஐயா, வாங்க! இரிங்க... இல்லயில்ல, ஆரோடயும் கதைக்கல்ல, இவர்ர தங்கச்சி, மாங்கேணி... ஓம் ஐயா, அவவுக்கும் நல்ல விருப்பம்... இடியப்பம் கொஞ்சம்?... ஐயோ, எல்லா வீட்டிலயும் தந்திட்டாங்களா... சரி, சரி, தண்ணியாவது குடிங்க.

...வருமானமா? நான் கஜானிக்குக் குடுக்கிறன், கஜானி எனக்குத் தாறா. இடியப்பம்தான் ஐயா நடந்து திரியிது... இல்ல ஐயா, குறை சொல்லல்ல. நல்ல திட்டம்... ஓம், ஓம், நாடு முன்னேறோணும்...

...ஆம்பிளை இரிக்கிற வீடுதான் ஐயா. ஆனா ஏலாத ஆள்... டாக்குத்தர்ர கடதாசி இல்ல... கடதாசி என்னத்துக்கு ஐயா? இல்லாத காலப் பாருங்களன்!

இஞ்சேருங்க! அந்த வலைய மறுகா பொத்தலாம். ஒருக்கா இஞ்சால திரும்பிச் சாரத்த உயத்துங்க. ஐயாவுக்குக் காலக் காட்டுங்க... என்ன என்னயப் பாக்கிறீங்க? ஐயா பாக்கட்டும். முழங்காலுக்கு மேல... இதில என்ன வெக்கம்?

...மச்சாள், நீ கத்தாத. உன்ட அண்ணன்தான், தெரியும். எனக்குப் புருசனில்லயா? காட்டாட்டி உலையில என்னத்தப் போடுற?

இஞ்சேருங்க... ஏன் எழும்புறீங்க? கக்கத்துத் தடிய ஏன் எடுக்கிறீங்க?... ஏசவாவது ஏசிட்டுப் போங்களன்... மச்சாள், போறார் கா. கடப்பால இறங்கிட்டார். வாவிப் பக்கம் போறார்...

ஐயா! என்ன எழுதிறீங்க?... ஐயோ, நடக்கிறார் எண்டு எழுதிப் போடாதீங்க ஐயா...