தெற்குச் சுவரில் ஈரம்

தையல்காரம்மா: ரெண்டு விரல் குறைச்சாப் போதுமா? மூணா?

ஆபரேட்டர்: உங்க இஷ்டம்க்கா.

தையல்காரம்மா: என் இஷ்டமா? கால் உங்களோடது தம்பி.

ஆபரேட்டர்: சரி... ரெண்டு.

தையல்காரம்மா: இருங்க, இருங்க. இது ஏற்கெனவே மடிச்சுத் தச்ச பேன்ட்டாச்சே. உங்களுக்குச் சரியாத்தானே இருக்கும்?

ஆபரேட்டர்: அது வந்து...

தையல்காரம்மா: வேலை மெனக்கெட்டு வம்பு பேச வந்தீங்களா?

ஆபரேட்டர்: ஐயோ, இல்லக்கா. நான்... பக்கத்துப் பள்ளத்துல மண் தோண்டுற மிஷின் ஓட்டுறவன்.

தையல்காரம்மா: ஸ்... ஆ!

ஆபரேட்டர்: என்னக்கா, ஊசி குத்திருச்சா?

தையல்காரம்மா: இல்ல... நீங்கதானா அந்த மகராசன்? எட்டு மணிக்கு நீங்க ஆரம்பிச்சா, என் தையல் மிஷின் தானா ஆடும். நான் மிதிக்கவே வேணாம்.

ஆபரேட்டர்: கால்வலி மிச்சம்தானேக்கா!

தையல்காரம்மா: வாய் வேற! முப்பது மாடிக் கட்டடம்னா, பூமிக்குள்ளயும் முப்பது மாடி போவீங்களா?

ஆபரேட்டர்: நாலு மாடி ஆழம்தான். கார் நிறுத்துறதுக்கு. மூணு முடிஞ்சிருந்துச்சு. அப்பதான்...

தையல்காரம்மா: அந்தச் சரிவு.

ஆபரேட்டர்: ம். நீங்க பாத்தீங்களா?

தையல்காரம்மா: சத்தம்தான் கேட்டுச்சு. அடுப்படியில பாத்திரமெல்லாம் குதிச்சுது. உள்ள ஆள் இருந்தாங்களோன்னு எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு.

ஆபரேட்டர்: ஒருத்தரும் இல்லக்கா. அன்னிக்கு வேலையை நிறுத்தி வச்சிருந்தாங்க. பதினோரு மணிக்குத் தெக்குப் பக்கம் மொத்தமும், இரும்புத் தடுப்போட உள்ள வந்துருச்சு. என் மிஷின் அங்கதான் நின்னுச்சு. நான் உக்காருற கேபின் தகர டப்பா மாதிரி நசுங்கிக் கெடக்கு.

தையல்காரம்மா: கடவுளே...

ஆபரேட்டர்: அந்த நேரம் நான் வீட்டுல சின்னவளுக்குத் தலை பின்னிக்கிட்டு இருந்தேன். கோணலாப் பின்னிட்டேன்னு ஒரே திட்டு. அப்பதான் ஃபோன் வந்துச்சு. பேசி முடிச்சிட்டு அவ பின்னலைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன். "வலிக்குதுப்பா, விடு"ங்கறா... விட முடியலக்கா.

தையல்காரம்மா: கடவுள்தான் காப்பாத்தியிருக்காரு தம்பி.

ஆபரேட்டர்: இருக்கலாம். ஆனா அவரு துண்டுச் சீட்டு எழுத மாட்டாருல்ல?

தையல்காரம்மா: என்ன... சீட்டு?

ஆபரேட்டர்: முந்தின நாள் சாயந்திரம் எங்க ஆபீஸ் கதவுக்கு அடியில யாரோ போட்டிருக்காங்க. 'தெற்குச் சுவரில் தண்ணீர் கசிகிறது, ஆட்களை இறக்காதீர்கள்'னு. அதனாலதான் நிறுத்தினாங்க.

தையல்காரம்மா: யாரோ... புண்ணியவான்.

ஆபரேட்டர்: புண்ணியவதி.

தையல்காரம்மா: அது எப்படித் தெரியும் உங்களுக்கு?

ஆபரேட்டர்: சீட்டுக்குப் பின்பக்கம், 'தோள் பதினாலு, கை பத்து, முன்கழுத்து கொஞ்சம் இறக்கி'ன்னு இருந்துச்சு.

தையல்காரம்மா: ஐயையோ!

ஆபரேட்டர்: இன்ஜினியர் அதையும் சத்தமாப் படிச்சாரு. கட்டடத்துக்கு ஏதுடா முன்கழுத்துன்னு...

தையல்காரம்மா: சிரிக்காதீங்க தம்பி, மானம் போகுது!

ஆபரேட்டர்: இந்தத் தெருவுல தையல் கடை இது ஒண்ணுதான். பன்னெண்டு நாளா வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் நல்லா இருந்த பேன்ட்டைத் தூக்கிக்கிட்டு... அக்கா, என் ரெண்டு பொண்ணுங்களுக்கும் இன்னிக்கு அப்பன்னு ஒருத்தன் இருக்கான்னா, அது உங்களால.

தையல்காரம்மா: அழாதீங்க தம்பி. கண்ணைத் துடைங்க. நான்... நீங்க நெனக்கிற ஆள் இல்ல.

ஆபரேட்டர்: ஏன்க்கா அப்படி...

தையல்காரம்மா: பொய் எழுதினேன். தண்ணியும் கசியல, ஒண்ணும் கசியல. அந்தச் சுவரை நான் எட்டிக்கூடப் பாத்ததில்ல.

ஆபரேட்டர்: சரிக்கா, சொல்லுங்க.

தையல்காரம்மா: எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணுல ஆபரேஷன். குப்புறப் படுத்தே கெடக்கணும், அசங்கக் கூடாது, அசங்கினா பார்வை போயிரும்னு டாக்டர் சொல்லி அனுப்பினாரு. நீங்க பாறையை உடைக்கிறப்போ வீடே அதிருது. ரெண்டு தடவை உங்க ஆபீஸுக்கு வந்து கேட்டேன். வேலைன்னா அப்படித்தான் இருக்கும்னு அனுப்பிட்டாங்க. ஒரு நாளாவது அவரு நிம்மதியாப் படுக்கட்டும்னு எழுதிப் போட்டேன். உங்க உசுரை நெனச்சு எழுதல தம்பி. உங்க மூஞ்சியே எனக்குத் தெரியாது.

ஆபரேட்டர்: அண்ணனுக்கு இப்போ எப்படி இருக்கு?

தையல்காரம்மா: சரிவுக்கு அப்புறம்தான் வேலையே நடக்கலையே. கண்ணு நல்லா ஆறிருச்சு. நேத்து எதுத்த சுவர்க் கடிகாரத்தைப் பாத்து மணி சொன்னாரு. அஞ்சு நிமிஷம் தப்பு... அது கடிகாரத்தோட தப்பு.

ஆபரேட்டர்: அப்பாடா!

தையல்காரம்மா: உங்க நஷ்டத்துல எனக்கு நல்லது நடந்திருச்சேன்னு நான் இங்க கூசிப்போய் உக்காந்திருக்கேன். நீங்க வந்து நன்றி சொல்றீங்க. ஆமா, தண்ணியே இல்லாமச் சுவர் ஏன் சரிஞ்சுது?

ஆபரேட்டர்: அதுக்குப் பின்னாடி பழைய கிணறு ஒண்ணு. எப்பவோ குப்பையைக் கொட்டி மூடியிருக்காங்க. எந்த வரைபடத்துலயும் இல்ல. இந்தப் பக்கம் நின்னு பாத்தா ஒண்ணுமே தெரியாது.

தையல்காரம்மா: அப்போ யாராவது இறங்கித் தொட்டுப் பாத்திருந்தா, சீட்டு பொய்னு தெரிஞ்சிருக்குமே? இன்ஜினியர் பாக்காமலா நம்பிட்டாரு?

ஆபரேட்டர்: பாக்காம இருப்பாரா? அன்னிக்குக் காலையில ஒரு ஆளை இறக்கி விட்டாரு.

தையல்காரம்மா: யாரை?

ஆபரேட்டர்: என்னைத்தான்க்கா. உள்ளங்கையை வச்சுப் பாத்தேன், காஞ்ச மண்ணு மாவு மாதிரி உதிர்ந்துச்சு. எவனோ விளையாடியிருக்கான்னு சொல்லலாம்னுதான் ஏணியில ஏறினேன். ஏறி முடிக்கிற எடத்துக்கு நேரா உங்க ஜன்னல். அண்ணன் குப்புறக் கெடந்தாரு. நீங்க தரையில உக்காந்து, கட்டில் கால் நாலுக்கும் அடியில வெட்டுத் துணியை மடிச்சு மடிச்சுத் திணிச்சுக்கிட்டு இருந்தீங்க. மேல போய், "ஈரம் இருக்கு சார்"னு சொல்லிட்டேன்.