பத்தொன்பது பேர் குடியிருக்கிற வீடு

வாங்க சார், உள்ளயே வந்து பாருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இவ்வளவுதான் சார் வீடு. ரெண்டு ரூம், ஒரு சமையல்கட்டு. நானும் வீட்டுக்காரரும்தான். ஓட்டர் லிஸ்ட்ல இந்த விலாசத்துல எங்களைத் தவிர பத்தொன்பது பேரா? நீங்களே சிரிக்கிறீங்க பாருங்க.

தெரியும் சார், அந்தப் பசங்க எல்லாரையும் தெரியும். பாலத்துக்கு அடியில இருக்காங்க. பகல்ல நான் கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சர், சாயங்காலம் அங்க போய்ப் பாடம் எடுப்பேன். பதினெட்டு ஆயிடுச்சுல்ல, ஓட்டுக்கு எழுதிக் குடுங்கன்னு தினமும் நச்சரிச்சேன். போங்க டீச்சர், எங்க ஓட்டு யாருக்கு வேணும்னாங்க. தண்ணிக்குழாய் வேணும்னா நீங்கதான் கேக்கணும், கேக்க லிஸ்ட்ல பேர் இருக்கணும்னேன். வாயாடிதான் முதல்ல சரின்னா. ஆமா, நீங்க விசாரிக்கிற அதே பொண்ணு. வாய் ஓயவே ஓயாது, நான்தான் அந்தப் பேர் வச்சேன். மத்த பதினெட்டு பேரையும் பேசிப் பேசியே இழுத்துட்டு வந்தா.

ஃபார்ம் ரெண்டு தடவை திரும்பி வந்துச்சு. கதவு நம்பர் இல்லையாம். கதவே இல்லாதவங்க நம்பருக்கு எங்க சார் போவாங்க? பசங்க முகமே செத்துப்போச்சு. மூணாவது தடவை நம்பரோட போச்சு. ஓட்டு போட்டாங்க சார்! துவைச்ச சட்டை, படிய வாரின தலை, வரிசையில அப்படி ஒரு நிமிர்வு. நான் அழுதுட்டேன்.

இப்ப யாரோ கள்ள ஓட்டுன்னு எழுதிப் போட்டுட்டாங்க. ஃபார்ம் எல்லாத்தையும் தானே எழுதினதா வாயாடி ஒத்துக்கிட்டாளாமே? ஆஸ்பத்திரில வேலை கிடைச்சிருக்கு சார் அவளுக்கு, ஒன்னாம் தேதி சேரணும். கேஸ் ஆனா அது போச்சு. மூணு வாரம் முன்னாடி இதே வாசல்ல நின்னு, டீச்சர், நீங்க சும்மா இருங்க, உங்க வேலை போயிடும்னா. நான் சும்மா இருந்தேன் சார். ஸ்கூலுக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். நல்லாத் தூங்கினேன்னு வேற சொல்லணுமா.

என்ன, கையெழுத்தா? போடறேன். விலாசமும் எழுதணுமா? குடுங்க. பதினேழு... பாத்தீங்களா, ஏழுக்கு நடுவுல ஒரு கோடு போட்டுடுவேன். சின்ன வயசுப் பழக்கம். வாயாடி போட மாட்டா. அந்தப் பத்தொன்பது ஃபார்மையும் எடுங்க சார். கதவு நம்பர் கட்டத்தை மட்டும் பாருங்க.